திரும்பத் திரும்ப நின்றுபோகும் கணினி: அழிப்பதற்கு முன் சோதித்துப் பாருங்கள்

மார்சிலிங்கில் நான் குடியிருக்கும் புளோக்கில், இரண்டு மாடி கீழே ஓர் அண்ணன் இருக்கிறார். சில மாதங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை மாலை, மேசைக் கணினியின் பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துக் கயிற்றால் கட்டிக்கொண்டு மின்தூக்கி வாசலில் நின்றிருந்தார். பழுதுபார்க்கும் கடை ஒன்றிலிருந்து திரும்பி வந்திருந்தார். முகம் வாடியிருந்தது.

“விண்டோஸ் கெட்டுப்போச்சு, ஃபார்மெட் பண்ணிப் புதுசாப் போடணும், 80 வெள்ளின்னு சொன்னாங்க தம்பி. உள்ள இருக்கிற படமெல்லாம் என்ன ஆகும்னு கேட்டேன். அது போயிடும்னாங்க. அப்படியே எடுத்துட்டு வந்துட்டேன்,” என்றார்.

அந்தப் படங்களில் பாதி, மறைந்த அவருடைய தாயாரின் கடைசி மூன்று ஆண்டுகள். தீபாவளி, பேத்தியின் பிறந்தநாள், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நாள் என்று எல்லாம் அதில் இருந்தன. வேறெங்கும் படி எடுத்து வைக்கவில்லை.

கணினியின் தொல்லை இதுதான். விசையை அழுத்தினால் நிறுவனத்தின் சின்னம் வரும். பிறகு விண்டோஸின் புள்ளிகள் வட்டமிடும். திடீரென்று நீலத்திரை வரும். தானே அணைந்து, தானே எழுந்து, மறுபடியும் அதே கதை. சில முறை முகப்புத் திரை வரைக்கும் வந்துவிட்டு நின்றுபோனது.

இந்தக் கோளாறு நம்மில் பலரின் வீட்டில் வரக்கூடியது. பிள்ளைகளின் பள்ளி வேலை, வரிக் கணக்கு, திருமணப் படங்கள், ஊரில் இருக்கும் நிலத்தின் பத்திரப் படி எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள் இருக்கும். கணினிக்கு மாற்று வாங்கிவிடலாம். உள்ளே இருப்பவற்றுக்கு மாற்று கிடையாது. எனவே என்ன கோளாறு என்று தெரியாமல் எதையும் அழிக்கக் கூடாது. அதைத் தெரிந்துகொள்ள வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் பல உள்ளன.

எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

கணினி எழுந்திருப்பது ஒரே செயல் அன்று. ஒன்றன்பின் ஒன்றாகப் பல படிகள் உண்டு. எந்தப் படியில் தடுக்கி விழுகிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

முதலில் பவர் சப்ளை எனப்படும் மின்விநியோகப் பெட்டி, சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டுகளாகக் குறைத்துக் கொடுக்கிறது. மின்சாரம் சீரானதும், தாய்ப்பலகையில் இருக்கும் பயாஸ் என்ற சிறிய நிரல் விழிக்கிறது. நினைவகம் இருக்கிறதா, திரை இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா என்று சரிபார்க்கிறது. பிறகு வன்தட்டைத் தேடி, அதிலிருக்கும் விண்டோஸை எழுப்புகிறது. விண்டோஸ் ஒவ்வொரு பாகத்துக்கும் உரிய டிரைவர் எனும் இயக்கி நிரல்களை ஏற்றிய பிறகுதான் நாம் கடவுச்சொல் போடும் பக்கம் வருகிறது.

விசையை அழுத்தியும் அசைவே இல்லை, அல்லது விசிறி ஒரு நொடி சுற்றி நின்றுவிடுகிறது என்றால் மின்சாரப் பக்கத்தில் கோளாறு. விசிறி சுற்றுகிறது, ஆனால் திரையில் எதுவும் இல்லை, ‘பீப்’ ஒலி கேட்கிறது என்றால் நினைவகத்தையோ கிராஃபிக்ஸ் கார்டையோ சந்தேகிக்கலாம். நிறுவனத்தின் சின்னம் வந்தபின், ‘பூட் டிவைஸ்’ கிடைக்கவில்லை என்று எழுத்து வந்தால் வன்தட்டு அல்லது அதன் கம்பி. விண்டோஸின் வட்டம் சுற்றும்போது நீலத்திரை வந்தால் இயக்கி நிரல், புதுப்பிப்பு, வன்தட்டு, நினைவகம் ஆகிய நான்கில் ஒன்றாக இருக்கலாம். முகப்புத் திரை வந்து சில நிமிடங்களில் அணைந்தால், சூடாவதுதான் முதல் சந்தேகம்.

ஒரு தாளில் எழுதி வையுங்கள். எந்தக் கட்டத்தில் நின்றது, திரையில் என்ன இருந்தது, எத்தனை நிமிடத்தில் நின்றது என்று மூன்று நான்கு முறைக்கான குறிப்பு போதும். கடைக்குக் கொண்டுபோக நேர்ந்தாலும் அந்தத் தாள் உதவும்.

இன்னொரு கேள்வியையும் கேட்டுக்கொள்ளுங்கள்: இதற்கு முன்பு என்ன மாறியது? புதிய அச்சுப்பொறி இணைத்தீர்களா, புதுப்பிப்பு வந்ததா, மேசையை இடம் மாற்றினீர்களா, முந்தைய நாள் பலமாக இடி இடித்ததா? கோளாறு பெரும்பாலும் கடைசியாக மாறிய பொருளுக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

பெட்டியைத் திறக்காமலே செய்யக்கூடியவை

முதலில், கணினியோடு இணைத்திருக்கும் எல்லாவற்றையும் கழற்றுங்கள். அச்சுப்பொறி, கேமரா, ஒலிபெருக்கி, தம்ப் டிரைவ், வெளி வன்தட்டு எதுவும் வேண்டாம். திரை, விசைப்பலகை, சுட்டி மட்டும் இருக்கட்டும். மறந்துபோய்ச் செருகியிருந்த தம்ப் டிரைவிலிருந்து எழ முயன்று கணினி நின்றுபோவது அடிக்கடி நடப்பதுதான்.

அடுத்து, பல முனை கொண்ட நீட்டிப்புப் பலகையிலிருந்து கழற்றி, சுவரில் இருக்கும் மின்செருகியில் நேராகப் பொருத்துங்கள். அதே பலகையில் குளிரூட்டும் விசிறியும் நீர்க்கொதிகலனும் ஓடினால், தளர்ந்துபோன பலகை போதிய மின்சாரம் தராமல் போகலாம். திரையின் கம்பி இரு பக்கமும் அழுத்தமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாவது சோதனை எளிது. பலருக்கும் இது தெரியாது. கணினியை எழுப்பும்போது டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால், பல கணினிகளில் பயாஸ் பக்கம் திறக்கும். அங்கு எதையும் மாற்றாமல் 20 நிமிடங்கள் அப்படியே விட்டுவிடுங்கள். அந்தப் பக்கத்தில் விண்டோஸ் ஓடவில்லை. எனவே அங்கேயே கணினி அணைந்தால் குற்றம் விண்டோஸின்மீது இல்லை. மின்சாரம், சூடு அல்லது தாய்ப்பலகையைத்தான் பார்க்க வேண்டும். செயலியின் வெப்பநிலையையும் விசிறியின் வேகத்தையும் பல கணினிகள் அதே பக்கத்தில் காட்டும். அளவுக்கு மீறிச் சூடானால் பெரும்பாலான செயலிகள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே அணைந்துவிடும்.

அண்ணனின் கணினி பயாஸ் பக்கத்தில் அரை மணி நேரம் அசையாமல் இருந்தது. வெப்பநிலையும் 45 டிகிரிக்கு மேல் போகவில்லை. மின்சாரமும் சூடும் காரணமில்லை என்று ஓரளவு தெரிந்தது.

நீலத்திரை சொல்லும் செய்தி

நீலத்திரையைப் பார்த்ததும் பயந்துபோய் அணைத்துவிடுகிறோம். ஆனால் அது கணினி எழுதிக் கொடுக்கும் புகார்க் கடிதம். அதன் அடியில் ‘ஸ்டாப் கோட்’ என்று ஒரு வரி இருக்கும். கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதிய விண்டோஸ் 11 பதிப்புகளில் 2025 முதல் இந்தத் திரை நீலத்திலிருந்து கறுப்புக்கு மாறியிருக்கிறது. அதனால் கறுப்புத் திரையில் அந்த வரி வந்தாலும் குழம்ப வேண்டாம்.

‘இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்’ என்றால் விண்டோஸால் தன் வன்தட்டைப் படிக்க முடியவில்லை. ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்றால் நினைவகத்தைச் சோதிக்க வேண்டும். ஏதேனும் கோப்பின் பெயர், அதிலும் ‘.சிஸ்’ என்று முடியும் பெயர் இருந்தால், அது பெரும்பாலும் ஓர் இயக்கி நிரல். அந்தப் பெயரைக் கைப்பேசியில் தேடினால் எந்தப் பாகத்துக்கு உரியது என்று தெரிந்துவிடும்.

ஒவ்வொரு முறையும் ஒரே வரி வருகிறதா, வெவ்வேறு வரிகளா என்று பாருங்கள். ஒரே வரி வந்தால் குறிப்பிட்ட ஒரு நிரலையோ கோப்பையோ சந்தேகிக்கலாம். வரி மாறிக்கொண்டே இருந்தால் நினைவகத்தின்மீது சந்தேகம் வலுக்கிறது. நினைவகம் கெட்டிருக்கும்போது, அதில் எது போய் உட்கார்ந்தாலும் அது உடைந்துபோகும். இன்று ஒரு நிரல், நாளை வேறொன்று. அண்ணனின் கணினியை நான்கு முறை எழுப்பினோம். நான்கு வெவ்வேறு வரிகள் வந்தன.

விண்டோஸின் மீட்புப் பக்கம்

விண்டோஸ் 10, 11 இரண்டும் தொடர்ந்து சில முறை எழ முடியாமல் போனால், தாமாகவே மீட்புப் பக்கத்துக்குச் சென்றுவிடும். வராவிட்டால், சின்னம் தோன்றும்போது மின்விசையை 10 நொடி அழுத்தி அணைத்துவிடுங்கள். இப்படி மூன்று முறை செய்தால் அந்தப் பக்கம் வரும். அங்கே ‘டிரபிள்ஷூட்’, பிறகு ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்று போக வேண்டும்.

அதில் உள்ளவற்றை இந்த வரிசையில் முயலலாம். முதலில் ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’. எழும்போது தேவைப்படும் கோப்புகளை அது தானே சரிபார்க்கும். புதுப்பிப்பு வந்த மறுநாள் தொல்லை தொடங்கியிருந்தால், ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ மூலம் அந்தப் புதுப்பிப்பை நீக்கலாம். ‘சிஸ்டம் ரீஸ்டோர்’ கணினியின் அமைப்பை முந்தைய ஒரு நாளுக்குத் திருப்பும். உங்கள் படங்களையும் ஆவணங்களையும் அது தொடாது. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு போட்ட நிரல்கள் நீங்கிவிடும்.

‘ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்’ பகுதியில் 4ஆம் எண்ணை அழுத்தினால் ‘சேஃப் மோட்’ திறக்கும். விண்டோஸ் மிகத் தேவையான நிரல்களோடு மட்டும் எழும் நிலை இது. அதில் கணினி நன்றாக ஓடினால், வெளியிலிருந்து சேர்த்த ஏதோவொரு நிரல்தான் காரணம் என்று ஊகிக்கலாம். அந்த நிலையில் உங்கள் முதல் வேலை பழுதுபார்ப்பது இல்லை. வெளி வன்தட்டைச் செருகி, முக்கியமான கோப்புகளைப் படி எடுப்பதுதான். அடுத்த முறை கணினி எழும் என்று உறுதியில்லை.

அதே மீட்புப் பக்கத்தில் ‘ரீசெட் திஸ் பிசி’ என்று ஒன்று இருக்கும். அதற்குள் ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்பதைத் தட்டினால் எல்லாம் போய்விடும். கோப்புகளைப் படி எடுக்கும்வரை அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இடையில் 48 இலக்கங்கள் கொண்ட ‘பிட்லாக்கர்’ மீட்புச் சாவியைக் கணினி கேட்கலாம். வன்தட்டில் இருப்பதை மற்றவர்கள் படிக்காமலிருக்கப் போடப்படும் பூட்டு அது. பல வீட்டுக் கணினிகளில் அந்தச் சாவி, கணினியை முதலில் அமைத்தபோது பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கைப்பேசியில் அந்தக் கணக்கைத் திறந்து பார்க்கலாம். கணினி நன்றாக இருக்கும்போதே அந்த எண்ணைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துவது நல்லது.

உலகமே கண்ட ஒரு கோளாறு

எழும்போதே நின்றுபோகும் கணினியை உலகமே ஒரே நாளில் பார்த்தது 2024 ஜூலை 19ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்டிரைக் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் சிங்கப்பூர் நேரப்படி பிற்பகல் 12.09 மணிக்கு ஒரு சிறிய புதுப்பிப்புக் கோப்பை அனுப்பியது. அதில் பிழை இருந்தது. மென்பொருள் 20 தகவல்களைத்தான் வைத்திருந்தது. புதிய கோப்போ 21ஆவது ஒன்றைத் தேடச் சொன்னது. இல்லாத இடத்தைப் படிக்கப் போன விண்டோஸ் நிலைகுலைந்து நீலத்திரை காட்டியது. அந்த மென்பொருள் எழும்போதே ஏறிக்கொள்ளும் வகை. அதனால் ஒவ்வொரு முறை எழும்போதும் கணினி மீண்டும் விழுந்தது.

பிற்பகல் 1.27 மணிக்கே நிறுவனம் அந்தக் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டது. அதற்குள் ஏறத்தாழ 8.5 மில்லியன் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் பதிவுசெய்தன. வீவக கார் நிறுத்துமிடங்கள் சிலவற்றின் நுழைவாயில் தடுப்புகளும் சிக்கலைச் சந்தித்தன. இந்தியாவில் கையால் எழுதிய விமான ஏறும் சீட்டுகளைப் பயணிகள் படமெடுத்துப் பகிர்ந்தனர்.

தீர்வு சிறியது. கணினியை சேஃப் மோடிலோ மீட்புப் பக்கத்திலோ எழுப்பி, அந்த ஒரு கோப்பை அழித்துவிட்டு மறுபடி தொடங்கினால் போதும். ஆனால் எழ முடியாத கணினிக்குத் தொலைவிலிருந்து எதையும் அனுப்ப முடியாது. எனவே பல இடங்களில் ஊழியர்கள் ஒவ்வொரு கணினி முன்பும் போய் உட்கார வேண்டியிருந்தது. பூட்டுச் சாவி கைவசம் இல்லாத அலுவலகங்கள் இன்னும் திண்டாடின.

வீட்டுக் கணினிகளில் அந்த மென்பொருள் பொதுவாக இருப்பதில்லை. இருந்தாலும் நமக்கு ஒரு பாடம் உண்டு. அத்தனை கணினிகளிலும் வன்தட்டு நன்றாக இருந்தது, கோப்புகள் நன்றாக இருந்தன, விண்டோஸ்கூட நன்றாகவே இருந்தது. கெட்டது ஒரே ஒரு கோப்பு. அதைக் கண்டுபிடித்த பிறகு, மற்றவற்றை அழிக்கத் தேவையிருக்கவில்லை.

பெட்டியைத் திறக்கும்போது

இதுவரை சொன்னவற்றில் விடை கிடைக்காவிட்டால் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைத் திறக்கலாம். சுவரில் விசையை அணைத்து, மின்கம்பியை முழுமையாகக் கழற்றுங்கள். பிறகு கணினியின் மின்விசையைச் சில நொடி அழுத்தினால், உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வெளியேறும். பெட்டியின் இரும்புப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உடலில் இருக்கும் நிலைமின்சாரம் பாகங்களைக் கெடுத்துவிடக்கூடும்.

மின்விநியோகப் பெட்டியை மட்டும் ஒருபோதும் பிரிக்காதீர்கள். கம்பியைக் கழற்றிய பிறகும் அதற்குள் உயிருக்கு ஆபத்தான அளவு மின்சாரம் தங்கியிருக்கலாம். அதைப் பழுதுபார்ப்பதைவிட முழுதாக மாற்றுவதே பாதுகாப்பானது.

நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கும் மேல். அந்த ஈரத்தில் தூசு வெறும் தூசாக இருப்பதில்லை, பிசினாக ஒட்டிக்கொள்கிறது. சாமி மேடைக்குப் பக்கத்தில் கணினி வைத்திருக்கும் வீடுகளில் சாம்பிராணிப் புகையும் விளக்கின் எண்ணெய்ப் புகையும் அதோடு சேர்ந்துகொள்ளும். விசிறியின் இதழ்களும் செயலியின் மேலிருக்கும் உலோகத் தகடுகளும் அடைபட்டால் சூடு வெளியேறாது. மென்மையான தூரிகையாலோ காற்றுக் குடுவையாலோ சுத்தம் செய்யுங்கள். விசிறி வேகமாகச் சுழன்றுவிடாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி வேண்டாம்.

தாய்ப்பலகையில் சிறிய உருளைகள் போல் நிற்பவை மின்தேக்கிகள். அவற்றின் தலை உப்பியிருந்தாலோ பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தாலோ பலகை வயதாகிவிட்டது என்று பொருள். அதே பலகையில் நாணயம் போல் ஒரு மின்கலம் இருக்கும். பெரும்பாலும் சிஆர்2032 வகை, 3 வோல்ட். கடிகாரம் ஒவ்வொரு முறையும் பழைய தேதிக்குப் போய்விடுகிறது, பயாஸ் அமைப்புகள் மறந்துபோகின்றன என்றால் அதை மாற்றிப் பாருங்கள். சில வெள்ளிதான் ஆகும்.

அண்ணன் வீட்டில் கண்டுபிடித்தது

அண்ணனின் கணினியில் இரண்டு நினைவக அட்டைகள் இருந்தன. தாளில் இருந்த குறிப்புகள் நினைவகத்தையே காட்டியதால் அங்கிருந்து தொடங்கினோம்.

இரு முனைகளிலும் இருக்கும் கொக்கிகளை விலக்கினால் அட்டை மேலே வந்துவிடும். தங்கநிற முனைகளை உலர்ந்த மென்துணியால் துடைத்து, ‘க்ளிக்’ என்று ஒலி கேட்கும்வரை அழுத்திப் பொருத்தினோம். மறுபடியும் நீலத்திரை. தளர்ந்த அட்டைதான் காரணம் என்றால் இதிலேயே சரியாகியிருக்கும்.

பிறகு ஓர் அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மற்றொன்றோடு மட்டும் எழுப்பினோம். கடவுச்சொல் பக்கம் வருவதற்குள் நின்றுபோனது. அதை எடுத்துவிட்டு, அதே இடத்தில் இரண்டாவது அட்டையைப் பொருத்தினோம். விண்டோஸ் எழுந்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அரை மணி நேரம் ஆகியும் நிற்கவில்லை. அண்ணன் எதுவும் பேசாமல் படங்கள் இருக்கும் கோப்புறையைத் திறந்தார். எல்லாம் இருந்தன.

உறுதிசெய்துகொள்ள, விண்டோஸிலேயே இருக்கும் ‘மெமரி டயக்னாஸ்டிக்’ சோதனையை ஒவ்வோர் அட்டைக்கும் ஓடவிட்டோம். முதல் அட்டையில் கோளாறு இருப்பதாகக் காட்டியது. இரண்டாவதில் எதுவும் இல்லை.

கடையில் சொன்னபடி செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? படங்கள் அழிந்திருக்கும். கெட்ட அட்டை உள்ளேயே இருந்திருக்கும். புதிய விண்டோஸும் சில நாள்களில் அதே நீலத்திரையைக் காட்டியிருக்கும். பணமும் போய், படமும் போய், நோயும் தீராமல் நின்றிருப்பார்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்யுங்கள். அட்டையையும் மாற்றி, புதுப்பிப்பையும் நீக்கி, கம்பியையும் மாற்றிவிட்டால், சரியானாலும் எது சரிசெய்தது என்று தெரியாது.

வன்தட்டில் சத்தம் கேட்டால்

இந்த இடத்தில் மட்டும் ‘மறுபடி முயன்று பார்ப்போம்’ என்ற எண்ணம் ஆபத்தானது. சுழலும் வகை வன்தட்டிலிருந்து ‘டிக் டிக்’ என்றோ உரசுவது போலோ சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் உள்ளிருக்கும் தகடு மேலும் சேதமடையலாம். அதில் இருப்பவை விலைமதிப்பற்றவை என்றால், தரவு மீட்பில் அனுபவம் உள்ளவர்களிடம் கொண்டுசெல்வதே வழி.

சத்தம் இல்லை, ஆனால் விண்டோஸ் எழவில்லை என்றால் வன்தட்டைக் கழற்றி, யூஎஸ்பி இணைப்புக் கம்பி மூலம் இன்னொரு கணினியில் வெளி வன்தட்டு போல் இணைத்துப் பார்க்கலாம். பல நேரங்களில் கோப்புகள் அப்படியே தெரியும். இணைத்ததும் ‘இதை ஃபார்மெட் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

திரையில் தொலைபேசி எண் வந்தால்

கணினி முடங்கியவர்களின் பதற்றத்தை மோசடிக்காரர்கள் நன்றாக அறிவார்கள். இணையத்தில் உலவும்போது, நீலத்திரை போலவே ஒரு பக்கம் தோன்றி, உடனே இந்த எண்ணை அழையுங்கள் என்று ஒலியெழுப்பும். தங்கள் எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் இருக்காது என்று மைக்ரோசாஃப்ட் தெளிவாகக் கூறியுள்ளது. எண் இருந்தால் அது பொய்யான திரை.

அந்த எண்ணை அழைத்தால், கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருளைப் போடச் சொல்வார்கள். பிறகு வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்வார்கள். வீட்டிலிருக்கும் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டியிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சந்தேகம் வந்தால் ஸ்கேம்‌ஷீல்டு உதவி எண் 1799ஐ எந்நேரமும் அழைக்கலாம்.

கடைக்குப் போவதற்கு முன்

எல்லாவற்றையும் வீட்டில் செய்துவிட முடியாது. தாய்ப்பலகை, மின்விநியோகப் பெட்டி, செயலி ஆகியவற்றைச் சோதிக்க, நன்றாக இருக்கும் மாற்றுப் பாகம் வேண்டும். அது கடைகளில்தான் இருக்கும். மார்சிலிங்கில் ரயிலேறி நியூட்டனில் டவுன்டவுன் தடத்துக்கு மாறினால், லிட்டில் இந்தியாவுக்கு அடுத்த நிலையம் ரோச்சோர். அங்கே சிம் லிம் ஸ்குவேரில் பல மாடிகளில் கணினிக் கடைகள் உள்ளன. வட்டாரக் கடைத்தொகுதிகளிலும் பழுதுபார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நேர்மையாக வேலை செய்பவர்கள் நிறையப் பேர் உண்டு. நாம் சரியாகக் கேட்டால் அவர்களுக்கும் வேலை எளிது.

பெட்டியைக் கொடுப்பதற்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். என்ன சோதனை செய்து இந்த முடிவுக்கு வந்தீர்கள்? சோதனைக்கு மட்டும் எவ்வளவு கட்டணம்? கோப்புகளைப் படி எடுத்த பிறகு வேலையைத் தொடங்குவீர்களா? மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தருவீர்களா? ‘என்னைக் கேட்காமல் எதையும் அழிக்கக் கூடாது’ என்று ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சப்பட வேண்டாம்.

பழுதுபார்ப்பதா, புதிது வாங்குவதா?

நினைவக அட்டை, மின்கலம், விசிறி, எஸ்எஸ்டி வன்தட்டு போன்றவற்றை மாற்றுவது பொதுவாக லாபம். தாய்ப்பலகையும் செயலியும் சேர்ந்து போய்விட்டால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. உங்கள் பழைய கணினி விண்டோஸ் 11ஐ ஏற்காத வகை என்றால், பெரிய செலவு செய்யும் முன் யோசியுங்கள்.

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மானிய விலையில் இணைய இணைப்பும் கணினியும் வழங்க, தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் ‘டிஜிட்டல்ஆக்சஸ் அட் ஹோம்’ திட்டத்தை நடத்துகிறது. தகுதி இருக்கிறதா என்று விசாரித்துப் பார்க்கலாம்.

பழையதைப் புளோக்கின் கீழ்த்தளத்தில் விட்டுவிடாதீர்கள். மின்கழிவைச் சேகரிக்க 2021 ஜூலை முதல் நாடளாவிய ஏற்பாடு உள்ளது. கொடுப்பதற்கு முன் வன்தட்டைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குடும்பத்தின் விவரங்கள் அதற்குள் இருக்கின்றன.

இன்றே செய்யக்கூடியது

கணினி என்றாவது ஒருநாள் எழ மறுக்கும். அன்று பதறாமல் இருக்க ஒரே வழி, முக்கியமானவற்றை முன்கூட்டியே படி எடுத்து வைப்பதுதான். கணினித் துறையில் இருப்பவர்கள் ‘3-2-1’ என்று ஒரு விதி சொல்வார்கள். மூன்று படிகள் இருக்க வேண்டும். அவை இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும்.

அண்ணன் மறுநாளே இரண்டு வெளி வன்தட்டுகள் வாங்கினார். ஒன்று அலமாரியில் இருக்கிறது. மற்றொன்றைத் தங்கை வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறார். கெட்ட அட்டைக்குப் பதிலாக வேறொன்று இன்னும் வாங்கவில்லை. ஒற்றை அட்டையில் கணினி கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது. “அவசரமில்ல தம்பி, ஓடுதே அது போதும்,” என்கிறார்.

உங்கள் கணினி இன்று நன்றாக எழுந்ததா? அப்படியென்றால் படி எடுக்க இதுதான் நல்ல நாள்.